சங்கம் ஒண்ணு தொடங்கணும், எங்க இருந்து தொடங்குறது? – வாசகர் கேள்வி பதில்

2025 நவம்பர்ல டித்வா புயல் நம்ம இலங்கை மலையகத்துல அடிச்சு ஓஞ்சதுக்கு அப்புறம் எனக்கு வர்ற கடிதத்துலயும் வட்ஸ்அப் வொய்ஸ்லயும் பாதிக்கு மேல ஒரே விசயம் தான் இருக்கு. பாதை உடைஞ்சு கரண்ட் போயி போன் சிக்னலும் இல்லாம கெடந்த நாள்ல பக்கத்து லயக் காம்பரா (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு) ஆளுங்க தான் வந்து தூக்குனாங்க, அவங்க தான் சோறு குடுத்தாங்க, இதை இப்படியே விட்டுறாம ஒரு சங்கமா கட்டணும்னு ஆசையா இருக்கு, எப்படின்னு சொல்லுங்க அக்கான்னு நெறய பேர் கேட்டிருக்காங்க. அதனால இந்த தடவை வேற கேள்வி எதையும் எடுக்கல. பேர் போட வேணாம்னு கேட்டவங்க தான் கூட, அதனால யாரு பேரும் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி (கொட்டகலை): அக்கா, எனக்கு 23 வயசு. எங்க தோட்டத்து பொடியன்கள் சேர்ந்து வட்ஸ்அப் குரூப் ஒண்ணு தொடங்குனோம், 140 பேர் இருக்காங்க. ஆனா கூட்டம்னு கூப்பிட்டா ஆறு பேர் தான் வர்றாங்க. குரூப்ல எல்லாரும் சூப்பர் சூப்பர்னு போடுறாங்க, நேர்ல யாரும் இல்ல. விட்டுறலாமான்னு இருக்கு.

பதில்: விடாதீங்க தம்பி. ஆறு பேர் வந்தாங்கன்னா அது நல்ல எண்ணிக்கை, நான் உண்மையா தான் சொல்றேன். 140 பேர்ல பாதி பேர் கொழும்புல கடையிலயும் கார்மெண்ட்லயும் நிக்கிறவங்களா இருப்பாங்க, அவங்க ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு எப்படி வருவாங்க? அவங்களை வரலன்னு கோவிக்காம அவங்களுக்குன்னு ஒரு வேலை குடுங்க, ஒப்பீஸுக்கு போன் பண்ணி வெசாரிக்கிறது, போர்ம் நெரப்புறது, சிங்களத்துல வந்த கடிதத்தை தமிழ்ல சொல்லிக் குடுக்கிறது, இதெல்லாம் போன்லயே செய்யலாம்.

கூட்டத்துக்கு ஏன் ஆள் வரலன்னா, கூட்டத்துல என்ன நடக்கும்னு நம்ம சனத்துக்கு நல்லா தெரியும். ஒருத்தர் பேசுவாரு, அப்புறம் தலைவர் யாரு செயலாளர் யாருன்னு சண்டை வரும், கடைசியில பேர் எழுதி கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிருவாங்க. நானும் இருபது வயசுல ஒரு வாலிபர் சங்கத்துல இருந்தேன், லெட்டர்ஹெட் அடிச்சோம், ரப்பர் சீல் செஞ்சோம், பெரிய ஆள் ஒருத்தரை கூட்டிட்டு வந்து குத்துவிளக்கு ஏத்துனோம், பதினஞ்சு பேருக்கு பதவி குடுத்தோம், மூணு மாசத்துல உப தலைவர் பதவிக்கு ரெண்டு பேர் பேச்சுவார்த்தை இல்லாம போயிட்டாங்க, சங்கமும் முடிஞ்சுது. அந்த ரப்பர் சீல் ரொம்ப நாள் எங்க வீட்டு தகரப் பெட்டியில கெடந்துச்சு, எடுத்துப் பார்க்கிறப்போ எல்லாம் மனசு ஒரு மாதிரி ஆகிரும்.

அதே தோட்டத்துல அதுக்கு அடுத்த வருசம் நடந்ததையும் சொல்றேன். பிள்ளை மடுவத்துக்கு (வேலை நேரத்துல பிள்ளைகளை பார்த்துக்கிற எடம்) எறங்குற படி மழைக்கு கரைஞ்சு போயி ஒரு தாய் கைப்பிள்ளையோட வழுக்கி விழுந்துட்டாங்க, பிள்ளைக்கு நெத்தியில அடி. கீழ்லயத்து ஆயா ரெண்டு பேர் ஞாயித்துக்கிழமை காலையில மண்வெட்டியும் கருங்கல்லும் எடுத்துக்கிட்டு அவங்க பாட்டுக்கு வேலையை ஆரம்பிச்சுட்டாங்க, யாரையும் கூப்பிடல. பத்து மணிக்கு பார்த்தா பதினோரு பேர், ஒருத்தர் வீட்டுல கெடந்த அரை மூட்டை சீமெந்து, இன்னொருத்தர் வீட்டுல இருந்து வாளி நெறய பிளேன்டி, ஒரு பெட்டி பிஸ்கட். பொழுது சாயுறதுக்குள்ள பதினாலு படி கட்டி முடிச்சாங்க. அடுத்த மாசம் தண்ணி புடிக்கிற பீலிக்கரை சுத்தம் பண்ண வாங்கன்னு சொன்னப்போ இருபது பேருக்கு மேல வந்தாங்க, அதுக்கு அப்புறம் தான் நமக்கு ஒரு பேர் வைக்கலாமான்னு கேட்டாங்க.

அதனால தம்பி, அந்த ஆறு பேரும் ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு ஒவ்வொரு லயத்துக்கும் போங்க, இஸ்தோப்புல (திண்ணையில) உக்காந்து உங்களுக்கு இங்க என்ன கஷ்டம்னு மட்டும் கேளுங்க, ஒரு கொப்பியில எழுதுங்க, நீங்க எதுவும் பேச வேணாம். எல்லா லயத்தையும் முடிச்சுட்டு ஒரே ஞாயித்துக்கிழமையில செஞ்சு முடிக்கிற மாதிரி, செஞ்சது கண்ணுக்கு தெரியுற மாதிரி, மேல் கணக்கு கீழ் கணக்குன்னு தோட்டத்து ரெண்டு பிரிவு ஆளுங்களும் பயன்படுத்துற மாதிரி ஒரு வேலையை எடுங்க. கூலி இல்லாம எல்லாரும் சேர்ந்து வேலை செய்யிறதை சிரமதானம்னு நாம சொல்றோமே, அது இந்த நாட்டுல பெருசா பரவுன கதையும் இதே மாதிரி தான். 1958ல கொழும்பு நாளந்தா கல்லூரியில வாத்தியாரா இருந்த ஏ.டி. ஆரியரத்ன பள்ளிக்கூட பிள்ளைகளை கூட்டிக்கிட்டு கனத்தொலுவங்கிற கிராமத்துக்கு போனாரு, சாதியை சொல்லி ஒதுக்கி வச்சிருந்த சனம் இருந்த ஊரு அது, அங்க போயி அந்த சனத்தோட சேர்ந்து வேலை செஞ்சாங்க, அதுல இருந்து வளர்ந்தது தான் சர்வோதயம்ங்கிற அமைப்பு. மொதல்ல மண்வெட்டி, அப்புறம் தான் போர்டு.

கேள்வி (பொகவந்தலாவை): நான் எங்க டிவிசன் மரண உதவி சங்கத்துல ஒன்பது வருசமா பொருளாளரா இருக்கேன். ஒரு சதம் எடுத்தது இல்ல. இப்ப புதுசா வந்த பொடியன்கள் கணக்கு காட்டுங்கன்னு கேக்குறாங்க. எனக்கு இது பெரிய அவமானமா இருக்கு. விலகிறலாமா?

பதில்: ஐயா, உங்க மனசு நொந்துருக்கும், புரியுது. ஆனா விலகாதீங்க, கணக்கை காட்டுங்க. நீங்க விலகுனா நாளைக்கு எடுத்துட்டு தான் ஓடிட்டாருன்னு பேசுவாங்க, காட்டுனா அந்த பேச்சுக்கே எடம் இல்ல.

மரண உதவி சங்கத்தை பத்தி எனக்கு ஒரு தனி மரியாதை இருக்கு, அதை சொல்லாம இருக்க முடியல. எங்க அப்பா செத்த அன்னைக்கு ராத்திரி பதினொரு மணி, வீட்டுல காசு இல்ல, சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு. பொழுது விடியுறதுக்குள்ள வாசல்ல தறப்பாள் கட்டியாச்சு, கதிரை வந்துருச்சு, கோயில் பெரிய அண்டாவுல தண்ணி கொதிக்குது, பெட்டிக்கு சொல்லியாச்சு, அம்மா யாரு கிட்டயும் போயி கை நீட்டல. எட்டாம் நாள் பொருளாளர் மாமா நீல அட்டை கொப்பியோட வந்தாரு, அப்பா பேருக்கு நேரா எந்த மாசம் எவ்வளவு கட்டுனாருன்னு வருச கணக்கா வரிசையா இருக்கு, கடைசி மாச சந்தாவும் கட்டியிருக்காரு, அதுக்கு கீழ குடுத்த தொகையை எழுதி அம்மா கிட்ட கையெழுத்து வாங்குனாரு, அம்மாவுக்கு கையெழுத்து போட தெரியாது, கைநாட்டு தான். சங்கம்னா என்னன்னு நான் படிச்சது அந்த கொப்பியில தான். உங்க கையில இருக்கிறதும் அப்படி ஒரு கொப்பி ஐயா, அதை பெட்டியில பூட்டி வைக்கிறதுல தான் சந்தேகம் வருது.

என்ன செய்யலாம்னா, காசு வாங்குனா உடனே ரசீது, கார்பன் வச்ச ரசீது புத்தகம் கடையில கெடைக்கும், ஒண்ணு அவங்களுக்கு ஒண்ணு உங்களுக்கு. மாசம் முடிஞ்சதும் வந்தது போனது கையில இருக்கிறது மூணையும் ஒரு தாள்ல பெருசா எழுதி கோயில் செவத்துலயும் கொழுந்து மடுவத்துலயும் ஒட்டிருங்க, வாசிக்க தெரியாதவங்களுக்காக கூட்டத்துல சத்தமா ஒரு தடவை வாசிங்க. சங்கத்து காசை வீட்டுல வச்சுக்காதீங்க, சங்கத்து பேர்ல பேங்க் கணக்கு தொறந்து மூணு பேர்ல ரெண்டு பேர் கையெழுத்து போட்டா தான் எடுக்கலாம்னு வச்சுக்கங்க, அவசரத்துக்கு ராத்திரியில ஒரு சாவு விழுந்தா செலவுக்கு வேணும்கிற அளவு மட்டும் கையில இருக்கட்டும், அது எவ்வளவுன்னும் கூட்டத்துல சொல்லி எழுதிருங்க. கணக்கு கேட்ட பொடியன்கள்ல ரெண்டு பேரையே கணக்கு பார்க்க போடுங்க. ஒன்பது வருசம் போதும், அடுத்த வருசம் அவங்கள்ல ஒருத்தருக்கு பக்கத்துல உக்கார வச்சு சொல்லிக் குடுத்துட்டு நீங்களா எழும்புங்க, மரியாதையோட எழும்பலாம்.

கேள்வி (இராகலை): சங்கத்தை எங்க பதியிறது? பதியாம நடத்துனா குத்தமா?

பதில்: நாலு பேர் சேர்ந்து பாதை வெட்டுறதுக்கு பதிவு வேணாம். பேங்க் கணக்கு தொறக்கவும் ஒப்பீஸ்ல இருந்து உதவி கேக்கவும் தான் பதிவு தேவைப்படும். மொதல்ல ஜி.எஸ். (கிராம சேவகர்) கிட்ட போங்க, அவர் கடிதத்தோட பிரதேச செயலகத்துக்கு போனா எந்த பிரிவுன்னு காட்டுவாங்க, இளைஞர் கழகமா பதியிறதா இருந்தா அங்கயே தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்து உத்தியோகத்தர் இருப்பாரு. யாப்பு (சங்கத்து விதிமுறை), மொத கூட்டத்து அறிக்கை, வந்தவங்க கையெழுத்து, நிர்வாகிகளோட அடையாள அட்டை போட்டோகொப்பி, இதெல்லாம் கையில இருக்கட்டும். யாப்புல சங்கம் கலைஞ்சா காசும் சாமானும் யாருக்கு போகும்னு ஒரு வரி மறக்காம எழுதுங்க, நெறய பேர் அதை விட்டுருறாங்க, அப்புறம் கதிரைக்கும் தறப்பாளுக்கும் சண்டை. ஆறு மாசம் வேலை செஞ்சு பார்த்துட்டு பதிஞ்சா போதும்ங்கிறது என்னோட எண்ணம்.

கேள்வி (பண்டாரவளை): அக்கா, எங்க தோட்டத்துல எந்த கூட்டம் வச்சாலும் ராத்திரி ஏழு மணிக்கு கோயில்ல தான். ஆம்பளைங்க தான் பேசுவாங்க, அதுல பாதி பேர் குடிச்சிருப்பாங்க. மலையில எட்டு மணி நேரம் நின்னு கொழுந்து எடுக்கிறது நாங்க, தீர்மானம் எடுக்கிறது அவங்க. பொம்பளைங்க தனியா சங்கம் வச்சா வீட்டுல பிரச்சினை வரும்னு பயப்படுறாங்க.

பதில்: தங்கச்சி, நீங்க எழுதுனதை வாசிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். ஏழு மணிக்கு நாம எங்க இருப்போம்? அடுப்படியில. மாவு பெசைஞ்சு ரொட்டி தட்டி, பிள்ளைகளுக்கு பாடம் பார்த்து, மறுநாள் சட்டையை அலசி போட்டுட்டு. அந்த நேரத்துல கூட்டம் வச்சா பொம்பளை வர வேணாம்னு யாரும் வாயால சொல்ல தேவையில்ல, நேரமே சொல்லிரும். அதனால மொத சண்டையை நேரத்துக்கு போடுங்க. ஞாயித்துக்கிழமை பின்னேரம் மூணு மணி, பிள்ளை மடுவத்துல, பிள்ளைகளை அங்கயே வெளையாட விட்டுறலாம், குடிச்சவங்களும் அங்க வர மாட்டாங்க.

அப்புறம் இன்னொண்ணு, உங்க கிட்ட ஏற்கனவே ஒரு சங்கம் இருக்கு, நீங்க அதை சங்கம்னு நெனைக்கல, அவ்வளவு தான். சீட்டு! பத்துப் பேர் சேர்ந்து மாசம் சம்பளத்தன்னைக்கு காசு போட்டு குலுக்கி எடுக்கிறீங்க, ஒருத்தி வீட்டுல சாவுன்னா அவளுக்கு மொத சீட்டை விட்டுக் குடுக்கிறீங்க, யாரு ஒழுங்கா கட்டுவா யாரு இழுப்பான்னு ஒரு எழுத்து இல்லாமலே மனசுல வச்சிருக்கீங்க. அந்த பத்துப் பேரும் மாசத்துக்கு ஆளுக்கு அம்பது ரூபா கூட போட்டு தனியா வச்சா அது ஒரு அவசர நிதி. வாரத்துக்கு வாரம் வாசல்ல வந்து நிக்கிற கடன்காரன் கிட்ட பிள்ளையோட சப்பாத்துக்கும் ஆசுபத்திரி வேனுக்கும் கடன் வாங்கிட்டு, அதை கட்ட இன்னொரு எடத்துல வாங்கி, தோடு அடகு வச்சு அழுத பொம்பளைங்களை எனக்கு நேர்ல தெரியும். மூவாயிரம் ரூபா பக்கத்து வீட்டுலயே கெடைச்சிருந்தா அந்த வழிக்கே போயிருக்க மாட்டாங்க. வீட்டுல கேட்டா சீட்டுக்கு போறேன்னு சொல்லுங்க, அது பொய்யும் இல்ல.

பொம்பளை மேடை ஏறுறது நம்ம மலையில புதுசும் இல்ல தங்கச்சி. 1931ல கோ. நடேசய்யர் அட்டன்ல இருந்து தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை கட்டுனாரு, வெளியாள் தோட்டத்துக்குள்ள வந்தாலே அத்துமீறல்னு புடிக்கிற காலம், புடவை யாவாரி மாதிரி வேசம் போட்டு உள்ள வந்தாருன்னு சொல்லுவாங்க. அவர் பக்கத்துல நின்னு கூட்டம் கூட்டமா போயி பாட்டு பாடி பேசுனவங்க அவங்க வீட்டுக்காரம்மா மீனாட்சியம்மை. கிட்டத்தட்ட நூறு வருசத்துக்கு முன்னாடி! இன்னைக்கு கோயில் கமிட்டியில ஒரு பொம்பளை பேர் சேர்க்கிறதுக்கு யோசிக்கிறாங்கன்னா எனக்கு கோவம் தான் வருது. பொதுச் சங்கத்துல பொருளாளர் பதவியை ஒரு பொம்பளைக்கு குடுங்கன்னு கேளுங்க, தலைவர் பதவியை விட அது தான் முக்கியம்.

கேள்வி (அக்கரப்பத்தனை): மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் ஒரே தண்ணி டேங்க். மேட்டு லயத்து ஆளுங்க பைப்பை தொறந்து விட்டுட்டு மரக்கறிக்கு ஊத்துறாங்க, எங்களுக்கு குடிக்க தண்ணி இல்ல. ரெண்டு தடவை அடிதடி ஆயிருச்சு. கமிட்டி போடலாமா?

பதில்: போடணும், ஆனா அந்த கமிட்டியில ரெண்டு லயத்து ஆளும் சரிசமமா இருக்கணும், அதுலயும் தண்ணி தூக்குறவங்க இருக்கணும், அதாவது பொம்பளைங்க. எலினோர் ஒஸ்ட்ரம்னு ஒரு அமெரிக்க அம்மா, பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்குன மொத பொம்பளை, 2009ல. உலகத்துல பல ஊர்ல சனம் வாய்க்கால் தண்ணியையும் காட்டையும் மீன் புடிக்கிற எடத்தையும் பல தலைமுறையா சண்டையில்லாம எப்படி பங்கு வச்சுக்கிறாங்கன்னு தேடிப் பார்த்தாங்க. அவங்க கண்டது என்னன்னா, அந்த தண்ணியை பாவிக்கிற ஆளுங்களே சட்டம் போட்டுருக்காங்க, அந்த ஆளுங்கள்ல இருந்தே ஒருத்தர் காவல் பார்க்கிறாரு, மொத தப்புக்கு சின்ன தண்டனை, திரும்ப திரும்ப செஞ்சா தான் பெருசு, சண்டை வந்தா உடனே பேசித் தீர்க்க பக்கத்துலயே ஒரு எடம் இருக்கு. நமக்கும் இது பொருந்தும்.

டேங்க் நெறைய எவ்வளவு நேரம் ஆகுது, எத்தனை குடும்பம், ரெண்டையும் ரெண்டு லயத்து ஆளும் சேர்ந்து நின்னு ஒரு நாள் அளந்து பாருங்க, வாய்ச்சண்டையில பாதி அங்கயே அடங்கிரும். குடிக்கவும் சமைக்கவும் காலையில பெரட்டுக்கு (வேலைக்கு பேர் குடுக்கிற எடம்) போறதுக்கு முன்னாடி ஒரு நேரம், பின்னேரம் ஒரு நேரம், மரக்கறிக்கு ராத்திரியில நெறஞ்சு வழியிறது மட்டும். வால்வு சாவி ஒரு மாசம் மேட்டு லயத்துல, ஒரு மாசம் பணிய லயத்துல. இன்னொண்ணு, மரக்கறி போடுறவங்களை எதிரியா நெனைக்காதீங்க, தோட்டத்துல வேலை நாள் கொறைஞ்சு போன வீட்டுக்கு அந்த லீக்ஸும் கரட்டும் தான் சோறு.

கேள்வி (மஸ்கெலியா): எங்க லயத்து பாதைக்கு பிரதேச சபையில கேட்டா தோட்டத்து பாதை எங்களுக்கு இல்லங்கிறாங்க, நிர்வாகத்துல கேட்டா காசு இல்லங்கிறாங்க. சங்கமா போனா ஏதும் நடக்குமா?

பதில்: அந்த பதில் ரொம்ப காலமா நமக்கு சொன்ன பதில் தான். 1987ம் வருசத்து பிரதேச சபை சட்டத்தை காட்டி தோட்டத்துக்குள்ள செலவழிக்க முடியாதுன்னு சொல்லுவாங்க, நாம ஓட்டு போடுறோம் ஆனா நம்ம பாதைக்கு கல்லு வராது. 2018ல அந்த சட்டத்தை திருத்தி தோட்டப் பகுதிக்கும் வேலை செய்ய வழி வச்சாச்சு. அதனால வாயால கேக்காதீங்க, சங்கத்து பேர்ல கடிதம் குடுங்க, பாதையோட போட்டோ, எத்தனை குடும்பம், எத்தனை பள்ளிக்கூட பிள்ளை, அம்புலன்ஸ் எது வரைக்கும் வரும்னு எழுதுங்க, நிர்வாகத்து கிட்ட ஆட்சேபனை இல்லன்னு ஒரு கடிதம் வாங்கி அதையும் வைங்க, குடுத்ததுக்கு கொப்பியில சீல் அடிச்சு வாங்குங்க.

பதில் வரலன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, 2016ம் வருசத்து 12ம் இலக்கம். இந்த வருசம் பாதைகளுக்கு எவ்வளவு ஒதுக்குனீங்க, எந்த எந்த பாதைக்குன்னு கேளுங்க. 14 வேலை நாளுக்குள்ள தருவோமா மாட்டோமான்னு முடிவு சொல்லணும், இல்லன்னா மேன்முறையீடு பண்ணலாம், அதுக்கு மேல ஆணைக்குழுவுக்கும் போகலாம். தமிழ்லயே எழுதலாம். எழுத முடியாதவங்க வாயால சொன்னா அங்க இருக்கிற தகவல் உத்தியோகத்தர் தான் எழுதிக்கணும். தனியாளா கேக்க பயமா இருந்தா சங்கமாவே கேக்கலாம், அங்கத்தவர்ல நாலுல மூணு பங்கு இந்த நாட்டு பிரஜையா இருந்தா போதும். 1948ல பிரஜாவுரிமையை பறிச்சு, 2003 வரைக்கும் ஒரு பகுதி சனம் அதுக்காக காத்துக்கிட்டு இருந்த நம்ம மலையகத்து ஆளுங்க இன்னைக்கு பிரஜைங்கிற உரிமையில ஒரு தாள் எழுதிக் கேக்குறது சின்ன விசயம் இல்ல, கேளுங்க.

கேள்வி (நோர்வூட்): எங்க தோட்டத்துல மூணு யூனியன். எந்த வேலை எடுத்தாலும் இது அந்த கட்சி ஆள் செய்யிறதுன்னு மத்தவங்க வர்றதில்ல.

பதில்: யூனியனை விட்டுட்டு வாங்கன்னு யாரையும் கேக்காதீங்க, சம்பளத்துக்கு பேச யூனியன் வேணும். சங்கத்து போர்டுல எந்த கட்சி கலரும் வேணாம், எந்த கட்சி ஆள் சீமெந்து குடுத்தாலும் ரசீது குடுத்து வாங்குங்க, பேர்பலகை வைக்க மாட்டோம்னு மொதல்லயே சொல்லிருங்க. தேர்தல் வர்ற மூணு மாசம் புதுசா எதையும் தொடங்க வேணாம். மாசி மாசம் காமன் கூத்துக்கு ரதியும் மதனும் எந்த யூனியன்னு யாரும் கேக்குறது இல்லயே, தப்பு மேளச் சத்தம் கேட்டா எல்லா லயமும் வருதுல்ல? அந்த கூத்து வாத்தியாரை கூப்பிட்டு சங்கத்துல உக்கார வைங்க, மூணு யூனியன்காரங்களும் அவர் பேச்சை கேப்பாங்க.

கேள்வி (அப்புத்தளை): எங்க லயத்துக்கு மேல மலையில வெடிப்பு இருக்கு. போன தடவை மழைக்கு ராத்திரியில பள்ளிக்கூடத்துக்கு ஓடுனோம், அது பூட்டி இருந்துச்சு, சாவி டவுன்ல இருக்கிற ஒருத்தர் கிட்ட. மழையில ஒன்றரை மணி நேரம் நின்னோம், கைப்பிள்ளையோட. இனிமே இப்படி நடக்க கூடாது. என்ன செய்யணும் அக்கா?

பதில்: ஒன்றரை மணி நேரம். கைப்பிள்ளையோட. உங்க கடிதத்தை தான் நான் திரும்ப திரும்ப வாசிச்சேன்.

2014 ஒக்டோபர் 29ம் திகதி காலையில கொஸ்லந்தை மீரியபெத்தையில லயத்தை மண் மூடுனதை நம்ம யாரும் மறக்க மாட்டோம். அந்த எடம் ஆபத்துன்னு அதுக்கு முன்னாடியே எச்சரிக்கை குடுத்திருந்தாங்க, தாள்ல இருந்த எச்சரிக்கை அந்த சனத்தை அங்க இருந்து வேற நல்ல எடத்துக்கு கொண்டு போகல. அதனால ரெண்டு வேலையை ஒரே நேரத்துல செய்யணும். ஒண்ணு, வெடிப்பை ஜி.எஸ்.க்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்துல குடுத்து தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்களை வந்து பார்க்க சொல்லுங்க, பாதுகாப்பான காணி கேக்குறதை விட்டுறாதீங்க, வருசக்கணக்கா ஆனாலும் கேளுங்க. ரெண்டாவது, காணி வர்ற வரைக்கும் உசிரோட இருக்கணும், அதுக்கு இந்த மாசமே ஒரு குழு.

மழையை அளக்க பழகுங்க. அந்த நிறுவனத்து கணக்குப்படி 24 மணி நேரத்துல 75 மில்லிமீட்டர் விழுந்தா விழிப்பா இருக்கணும், 100 ஆனா எச்சரிக்கை, 150 ஆனா வெளியேறணும், ஒரே மணி நேரத்துல 75 விழுந்தாலும் வெளியேறணும். மழைமானி வர்ற வரைக்கும் நீங்களே ஒண்ணு செய்யலாம். பக்கம் நேரா இருக்கிற பெரிய பிளாஸ்டிக் போத்தலோட மேல்பாதியை வெட்டி தலைகீழா புனல் மாதிரி அதுக்குள்ளயே சொருகுங்க, அடியில வளைவு இருக்கும், அது மறையிற அளவுக்கு சின்ன கல்லு போட்டு தண்ணி ஊத்தி அங்க சைபர்னு கோடு போடுங்க, அதுக்கு மேல பிள்ளைகளோட அடிமட்டத்தை வச்சு மில்லிமீட்டர் கோடு. 75, 100, 150 மூணையும் வேற வேற கலர்ல போடுங்க, அந்த உயரம் வர்ற போத்தலா தேடுங்க. கூரைக்கும் மரத்துக்கும் தள்ளி வெட்டவெளியில கம்புல கட்டுங்க. தெனமும் காலையில ஒரே நேரத்துல பார்த்து எழுதி, சைபர் கோட்டுக்கு மேல உள்ள தண்ணியை வெளியில ஊத்திருங்க. பெரிய மழை அன்னைக்கு ராத்திரியில மணிக்கொரு தடவை பார்க்கணும், அதுக்கு முறை போட்டு ஆள் வைங்க. இந்த வேலையை உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் கிட்ட குடுத்தா அழகா செய்வாங்க, நான் பார்த்திருக்கேன், செவத்துல ஒரு தாள் ஒட்டி கிராப் போட்டு வச்சிருந்தாங்க.

ஆனா கோடு வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கக் கூடாத நேரமும் இருக்கு. வெடிப்பு பெருசாகுறது, மரமும் லைட் போஸ்ட்டும் சாயுறது, கதவு திடீர்னு இறுகுறது, இல்லாத எடத்துல ஊத்து வர்றது, தெளிவா வந்த ஊத்து கலங்குறது இல்ல நிக்கிறது, இதுல எது கண்டாலும் எழும்பி போயிருங்க. 117க்கு போன் பண்ணுங்க, அது அனர்த்த முகாமைத்துவ நிலையம்.

யாரு யாரை கூட்டிட்டு போறதுன்னு பேர் பேரா எழுதுங்க. நடக்க முடியாத பாட்டி எந்த காம்பராவுல, மாசமா இருக்கிற பிள்ளை எந்த காம்பராவுல, காது கேக்காதவர் யாரு, அவர் கதவை தட்டுனா கேக்காதே, யாரு உள்ள போயி எழுப்புறது? கரண்ட் இல்லாட்டி மைக் இல்ல, போன் இல்ல, அதனால சத்தம் குடுக்க கோயில் மணியோ தப்போ, எத்தனை தடவை அடிச்சா என்ன அர்த்தம்னு பேசி வச்சுக்கங்க. பக்கத்து சிங்கள கிராமத்து ஆளுங்க கிட்டயும் சொல்லி வைங்க, அவங்க பன்சலை (பௌத்த விகாரை) உங்க பள்ளிக்கூடத்தை விட கிட்டவா இருந்தா பிக்கு கிட்ட போயி இப்பவே கேளுங்க, மழை இல்லாத நாள்ல கேட்டா தான் ஆறுதலா பேசலாம்.

அந்த சாவி. அதிபரை பார்த்து, சங்கத்து கடிதத்தோட, இன்னொரு சாவி தோட்டத்துக்குள்ள இருக்கணும்னு எழுத்துல கேளுங்க, ஒரு பிரதி ஜி.எஸ்.க்கு. பள்ளிக்கூடத்து கேட்டுக்கு கிட்டக்க இருக்கிற வீடு, ராத்திரியில எப்பவும் ஆள் இருக்கிற வீடா பார்த்து ரெண்டு வீட்டுல ரெண்டு சாவி ஆணியில தொங்கட்டும், எந்த வீடுன்னு எல்லா பிள்ளைக்கும் தெரியணும். அப்புறம் மழை இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமை அந்த மணியை அடிச்சு, பாட்டியையும் கதிரையில தூக்கிக்கிட்டு எல்லாரும் ஒரு தடவை பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்து பாருங்க. எத்தனை நிமிசம் ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க தங்கச்சி, நான் காத்துக்கிட்டு இருப்பேன்.